வீட்டுக்காரர் சொல்லும் விலை நியாயமா? ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு தராசு

"ஒண்ணு முப்பத்தஞ்சு சொல்றாங்க சார். உட்கார்ந்து பேசினா கொஞ்சம் பார்த்துப் பண்ணுவாங்க." தரகர் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. கீழும் மேலுமாக 1,400 சதுர அடிக் கட்டடம், கட்டி 18 வருடம். பின்பக்கம் ஒரு மாமரம். அந்த மாமரத்தைப் பார்த்ததுமே தங்கை விழுந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது, தரகருக்கும் தெரிந்திருக்கும்.

வீடு பிடித்தாகிவிட்டது. 1 கோடியே 35 லட்சம் தகுமா என்பதுதான் கேள்வி. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே ஆளுக்கொரு தராசைத் தூக்கிவிட்டார்கள். "கைடுலைன் என்னன்னு பாரு" என்றார் அப்பா, பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பைச் சொல்கிறார். மாப்பிள்ளை போனில் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளி "இந்த ஏரியால எல்லாமே இப்படித்தான் மாமா" என்றார். பேங்கே லோன் கொடுக்கிறதென்றால் விலை சரியாகத்தானே இருக்கும் என்பது அவருடைய நண்பரின் வாதம். எல்லாத் தராசிலும் அந்த வீட்டை ஏற்றிப் பார்த்தோம். முள் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. எதை நம்புவது என்று குழம்பி நிற்பவர்களுக்கு உதவும் என்று அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். தெரு தெரியாமலிருக்க எண்களை மட்டும் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.

## எதை வைத்துத் தராசைத் தேர்வது

எந்த விலையை யார் சொன்னாலும் நான் கேட்பது நாலு கேள்வி. அந்த எண்ணுக்கு யாராவது பணத்தை எடுத்து வைத்தார்களா, இல்லை வெறும் வாய்ச்சொல்லா? அது இந்த வீட்டின் விலையா, தெருவின் விலையா? எண் ஏறினால் சொல்பவருக்கு ஏதாவது லாபம் உண்டா? கண்டுபிடிக்க எத்தனை நாள், எவ்வளவு செலவு?

முதல் கேள்விக்கு மற்ற மூன்றையும் விட அதிக எடை கொடுப்பேன். சம்பந்தமில்லாத ஒருவர் தன் பணத்தைப் போட்ட எண் என்றால் அதற்கு ஒரு கனம் உண்டு.

## கைடுலைன் மதிப்பு

பதிவுத்துறை தளத்தில் தெருப் பெயரையோ சர்வே எண்ணையோ போட்டால் வந்துவிடும். காசு இல்லை, ஐந்து நிமிட வேலை. அந்தத் தெருவுக்குச் சதுர அடி 3,400 ரூபாய் வந்தது. 1,200 சதுர அடிக்கு 40 லட்சத்து 80 ஆயிரம். அப்பா அதிர்ந்துபோனார். "நாப்பது லட்சத்து வீட்டையா ஒண்ணு முப்பத்தஞ்சுங்கறான்?"

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். ஒன்று, அந்த எண் மனைக்கு மட்டும்; கட்டடத்துக்குப் பதிவுத்துறை தனியாக மதிப்புப் போடும். இரண்டு, கைடுலைன் என்பது முத்திரைத்தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அடிமட்டம். சந்தை நிலவரம் சொல்வது அதன் வேலையே இல்லை. அதன் சரித்திரத்தைப் பார்த்தால் புரியும். 2012இல் மாநிலம் முழுக்கத் திருத்தினார்கள். 2017 ஜூனில் ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தம். 2017இல் ஒரே ராத்திரியில் சென்னை வீடுகளெல்லாம் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லையே.

ஆனாலும் இந்த எண் இரண்டு இடத்தில் கட்டாயம் வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கைடுலைன் அல்லது பத்திர விலை, எது அதிகமோ அதன் மேல்தான். அடுத்தது, புறநகரில் சில தெருக்களில் கைடுலைன் சந்தை விலையையே தாண்டி நிற்கும். அங்கே வீடு மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டால், அரசு மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் 50 ஆயிரத்தையும் விலையில் 10 சதவீதத்தையும் தாண்டும்போது, அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கணக்கில் ஏறும். மலிவுக்கும் வரி கட்ட வேண்டியிருக்கும்.

## இணைய விளம்பரமும் 'ஏரியா ரேட்'டும்

மாப்பிள்ளையின் தராசு. அதே சுற்றுவட்டாரத்தில் 1.2 கோடி முதல் 1.5 கோடி வரை பன்னிரண்டு விளம்பரம் காட்டினார். உட்கார்ந்து பிரித்ததில் நாலு ஒரே வீடு, நாலு தரகர்கள் நாலு விலைக்குப் போட்டது. மூன்று போன தீபாவளிக்கு முன்னாலிருந்து கிடக்கிறது. விற்றுப்போன வீட்டின் விளம்பரம் போய்விடும், விற்காதது அங்கேயே நிற்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து 'ஏரியா ரேட்' சொல்வது, சந்தை முடிந்து கூடையில் மிஞ்சிய கத்திரிக்காயைப் பார்த்து அன்றைய விலையைச் சொல்வது மாதிரி.

தரகரின் 'ஏரியா ரேட்' பற்றியும் ஒரு வார்த்தை. தரகு என்பது விலையில் ஒன்றோ இரண்டோ சதவீதம். விலை ஏறினால் அவருக்கும் ஏறும், ஆனால் அதைவிட, வியாபாரம் படிவதுதான் அவருக்கு முக்கியம். அதனால் முதல் நாள் அவர் சொல்லும் விலையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு மாதம் கழித்து "சார், அந்த வீடு முடிக்கலாமா?" என்று அவரே கூப்பிடும்போது சொல்லும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் உருப்படியான தகவல் விலை அல்ல, நாள். அதையும் தெருவிலேயே கேட்கலாம். அந்த வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுகிறவரிடம் இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். "அதுவா? ஆடியிலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஒண்ணு அம்பது சொன்னாங்க மொதல்ல. வராங்க, பார்க்கறாங்க, போறாங்க." அப்போது மாசி. ஏழு மாதமாக யாரும் வாங்காத விலை அது. "நேத்துகூட ஒரு பார்ட்டி ஒண்ணு இருபத்தெட்டு கேட்டாங்க, குடுக்கல" என்று தரகர் சொன்னதற்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

பில்டரிடமிருந்து புதிய அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு விளம்பர ஒப்பீடு உண்மையிலேயே உதவும். அக்கம்பக்கத்தில் மூன்று பில்டர்கள் ஒரே மாதிரி சரக்கை விற்கும்போது விலைப் போட்டி கண்ணெதிரே நடக்கிறது.

## வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

எனக்குப் பிடித்த தராசு இது. ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியலான வில்லங்கச் சான்றை நம் ஆட்கள் வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் எடுக்கிறார்கள். பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்பதும் அதே தாளில் இருக்கிறது. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் போதும். மனைப்பிரிவு முழுக்க ஒரே சர்வே எண்ணில் இருந்தால் அந்த லேஅவுட்டின் கதையே விரியும்.

ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், தேதி, தன்மை, எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர், மனையின் விஸ்தீரணம் இருக்கும். நமக்கு வேண்டியது 'கைமாற்றுத் தொகை'. பக்கத்திலேயே 'சந்தை மதிப்பு' என்று இன்னொரு எண் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பதிவுத்துறையின் மதிப்பு. தன்மையில் 'கிரயம்' என்று இருப்பதை மட்டும் எடுங்கள். செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை எல்லாம் வீட்டுக்குள்ளேயே கைமாறியவை. அந்தத் தொகைக்கும் சந்தைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எங்களுக்கு இரண்டு வருடத்தில் மூன்று கிரயம் கிடைத்தது. முதலாவது, 1,200 சதுர அடிக் காலிமனை, 41 லட்சம். கைடுலைன்படி 40.8 வருகிற இடத்தில் 41 என்று எழுதியிருந்தால், பத்திரத்துக்கு வெளியே பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாவது சுவாரசியமானது. 22 வருடப் பழைய வீடு, அதே அளவு மனை, 1,000 சதுர அடிக் கட்டடம், 88 லட்சம். அதே நாளில் அடுத்த ஆவண எண்ணில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு', அதாவது கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒரு வங்கியிடம் வைத்தது, 70 லட்சம். இந்த ஜோடிதான் தேட வேண்டியது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 70 லட்சம் கொடுத்திருந்தால் வங்கி குறைந்தது எண்பத்தேழரை லட்சம் மதிப்புப் போட்டிருக்க வேண்டும். பத்திரத்தில் 88. இரண்டும் ஒத்துப்போகிறது, இந்த விலையை நம்பலாம். மூன்றாவதும் கடனோடு வாங்கிய காலிமனை, 76 லட்சம்.

காலிமனைக் கணக்கு நேரடி: சதுர அடி 6,333. வீட்டின் 88 லட்சத்திலிருந்து கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட 15 லட்சம் (இந்தக் கணக்கு அடுத்த பகுதியில்) கழித்தால் மனை 6,100 சொச்சம். இடையில் ஒரு வருடம் ஓடியிருக்கிறது, கிழக்குப் பார்த்த மனை வேறு. தாராளமாகவே 6,500 வைத்துக்கொண்டோம்.

இந்தத் தராசுக்கும் குறை உண்டு. கறுப்புப் பணம் புழங்கும் தெருவில் எண்ணெல்லாம் கைடுலைனோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். அண்ணன் தம்பிக்குள் கிரயமாகவே எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தகப்பனார் பெயர் ஒன்றா என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க இதற்கே போய்விடும்.

## மனை தனி, கட்டடம் தனி

விற்பவர்கள் செய்யும் தவறு இங்கேதான் வெளிப்படும். மனை விலை ஏறும், கட்டடத்தின் விலை வருடா வருடம் இறங்கும். அவர்கள் இரண்டையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள்.

மனை: 1,200 × 6,500 = 78 லட்சம். கட்டடம்: இன்று அதே தரத்தில் கட்டச் சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் 1,400க்கு 30 லட்சத்து 80 ஆயிரம். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிச்ச மதிப்பு என்பது மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. 18 வருடத்துக்கு 27 சதவீதம் தேய்மானம். மிச்சம் சுமார் 22 லட்சத்து 50 ஆயிரம். போர்வெல், சம்ப், காம்பவுண்டு சுவர், கேட்டு எல்லாவற்றுக்கும் 3 லட்சம். கூட்டினால் 1 கோடியே மூன்றரை லட்சம்.

வீட்டுக்காரர் ஐயா இதைக் கேட்டுச் சிரித்தார். "தேக்குக் கதவு தம்பி, அந்தக் காலத்து பர்மா தேக்கு." கதவு நல்ல கதவுதான். இத்தாலியன் மார்பிள், மாடுலர் கிச்சன், வாஸ்துப்படி மாற்றிய படிக்கட்டு என்று அவரவர் ஆசைக்குச் செய்த செலவெல்லாம் விற்கும்போது முழுசாகத் திரும்பாது. அதை அவரிடம் வாதாட வேண்டாம், மனதில் கழித்துக்கொண்டால் போதும்.

கழிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. காம்பவுண்டு சுவரின் உட்பக்கம் ஒரு முழ உயரத்தில் மங்கலாக ஒரு கோடு ஓடியது. 2015 டிசம்பரா, 2023 மிக்ஜாம் புயலா என்று ஐயா சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "ரெண்டு தடவையும். ஆனா உள்ள வரலை, வாசப்படியோட நின்னுடுச்சு." வாசற்படியோடு நின்றது என்பதற்கு ஒரு விலை, கட்டிலை நனைத்தது என்பதற்கு இன்னொரு விலை.

பூர்வீக வீடுகள், பத்து வருடமாக எதுவும் கைமாறாத அக்ரகாரத் தெருக்கள், சின்ன ஊர்கள் இங்கெல்லாம் வில்லங்கம் போட்டால் ஒன்றும் கிடைக்காது. அங்கே இந்தக் கணக்குதான் கதி.

## வேல்யூவர்

ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து, வங்கிப் பட்டியலில் இருக்கும் ஒரு மதிப்பீட்டாளரை நாங்களே அழைத்துப் போனோம். டேப்பை விரிப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவுக்கு சார் பேசியிருக்கீங்க?" இதற்குப் பதில் சொல்லாதீர்கள். சொன்னால் ரிப்போர்ட் அந்த எண்ணைச் சுற்றியே வந்து நிற்க வாய்ப்பு அதிகம். வங்கி அனுப்பும் வேல்யூவருக்கு நீங்கள் கொடுத்த அக்ரிமென்டே கையில் இருக்கும். அவருடைய வேலை வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பது. நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்களா என்பது அவர் கவலை இல்லை. லோன் கிடைத்தாலே விலை நியாயம் என்ற வாதம் இங்கே உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் ஐந்தாயிரத்துக்கு அவர் கொடுத்தது வேறு எந்தத் தராசிலும் கிடைக்காத தகவல். அனுமதி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனவர், பின்பக்க அறையின் வாசலில் நின்று, "இது பிளான்ல இல்லையே" என்றார். 350 சதுர அடி. வங்கி அதைக் கணக்கிலேயே எடுக்காது. எங்கள் கணக்கிலிருந்து ஐந்தரை லட்சம் போயிற்று. ரிப்போர்ட்டில் 98 லட்சம் வந்தது. கீழே சின்ன எழுத்தில் அவசர விற்பனை மதிப்பு என்று இன்னொன்றும் இருந்தது, அது எண்பதைக்கூடத் தொடவில்லை.

98 லட்சத்துக்கு 75 லட்சம் வரை கடன் கிடைக்கலாம். வீட்டை 1.35க்கு வாங்கினால் மீதி 60 லட்சமும், பதிவுச் செலவு 12 லட்சத்துச் சொச்சமும் சேர்த்து 72 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். மாப்பிள்ளை போனைக் கீழே வைத்தது அப்போதுதான்.

## வாடகையில் ஒரு உரசல்

இதைத் தராசு என்று சொல்ல மாட்டேன், உரைகல். கீழ்வீடு 14,000, மேல்வீடு 13,000 வாடகைக்குப் போகும். வருடத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். 1.35 கோடிக்கு இது 2.4 சதவீதம், 1.03 கோடிக்கு 3.1. நம் ஊரில் வீட்டு வாடகை வருமானம் எப்போதும் குறைச்சல்தான், அதனால் இதை வைத்து விலையை முடிவு செய்ய முடியாது. வாடகைக்கு விடுவதற்காகவே வாங்குபவருக்கு மட்டும் இதுவே முதல் தராசு.

## பக்கம் பக்கமாக

| தராசு | எங்கள் வீட்டுக்குச் சொன்னது | பணம் கைமாறிய எண்ணா? | செலவு, நேரம் | எங்கே நன்றாக வேலை செய்யும் |
|---|---|---|---|---|
| கைடுலைன் | மனை மட்டும் 40.8 லட்சம் | இல்லை | இலவசம், 5 நிமிடம் | பதிவுச் செலவு, வரிக் கணக்கு |
| விளம்பரம், தரகர் | 1.2 – 1.5 கோடி | இல்லை | இலவசம், ஒரு மாலை | புதிய அடுக்குமாடி |
| வில்லங்கம் | மனை சதுர அடி 6,100 – 6,300 | ஆம், பொறுக்கி எடுத்தால் | இலவசம், ஒரு நாள் | அடிக்கடி கைமாறும் லேஅவுட் |
| மனை + கட்டடம் | 1.03 கோடி | பாதி | கால்குலேட்டர் போதும் | தனி வீடு, பூர்வீக வீடு |
| வேல்யூவர் | 98 லட்சம் | இல்லை | சில ஆயிரம், ஒரு வாரம் | பிளானை மீறிய கட்டடம், பெரிய கடன் |

## அடுக்குமாடி என்றால்

பழைய பிளாட்டுக்கு மனை + கட்டடக் கணக்கையே யூ.டி.எஸ்., அதாவது மொத்த மனையில் அந்த பிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப்பங்கு, வைத்துப் போடலாம். 1,000 சதுர அடி என்று விற்கும் பிளாட்டில் படிக்கட்டு, வராந்தா பங்கெல்லாம் போக உள்ளே அளந்தால் 720தான் இருக்கும். அதைவிட முக்கியம் பத்திரத்தில் உங்களுக்கு வரும் நிலப்பங்கு. 450 சதுர அடி யூ.டி.எஸ். உள்ள பிளாட்டும் 280 உள்ள பிளாட்டும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டப் பேசும்போது வித்தியாசம் தெரியும். வில்லங்கமும் இங்கே நன்றாகக் கைகொடுக்கும், ஒரே கட்டடத்தில் பக்கத்து பிளாட் விலையே கிடைத்துவிடுவதால்.

## பாதி வெள்ளை, பாதி கறுப்பு

ஐயா இரண்டாவது முறை பேசியபோது விலை ஒன்று இருபத்தைந்துக்கு இறங்கியது. கூடவே, "பத்திரத்துல அறுபது போட்டுக்கலாம், உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்." 65 லட்சத்துக்கு 9 சதவீதம், கிட்டத்தட்ட 5 லட்சத்து 85 ஆயிரம் மிச்சம்தான். மறுபக்கம் பாருங்கள். பத்திரம் 60 என்றால் வங்கிக் கடன் 48க்கு மேல் நகராது. பிற்பாடு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 60தான். காட்டாத 65 லட்சமும் லாபமாகக் கணக்காகி அதற்கும் 12.5 சதவீதம் வரி, 8 லட்சத்துக்கு மேல். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015 ஜூனிலிருந்தே சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் பணத்தை வாங்கியவர், அதாவது வீட்டை விற்றவர் தலையில். இதை ஐயாவிடம் மெதுவாகச் சொன்னேன். மருமகன் ஆடிட்டர் என்றும், அவரைக் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார்.

எல்லாம் வெள்ளையில் என்றால் 1 கோடியே 2 லட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கூடவே வேல்யூவர் ரிப்போர்ட்டின் நகலும், பிளானில் இல்லாத அந்த அறையின் பக்கத்தை மடித்து. மாப்பிள்ளை 1.06 வரை போகலாம் என்கிறார். அப்பா இன்னும் கைடுலைனிலேயே நிற்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சட்டை வாங்கப் போனபோது இஸ்திரிக்காரர் சொன்னார்: "நீங்க வந்துட்டுப் போனப்புறம் வேற யாரும் வரல சார். போர்டை மட்டும் புதுசா எழுதியிருக்காங்க."